பூனையைப் பார்த்தவர்கள்

என் ஃபோனில் நாற்பத்தொரு விநாடி ஓடும் ஒலிப்பதிவு ஒன்று இருக்கிறது. 2020 ஆகஸ்டில், புள்ளலூரில் ஆயா வீட்டில் எடுத்தது. முதலில் தூரத்தில் ஒரு டிராக்டர் போகும் சத்தம். பிறகு மைக்குக்கு மிக அருகில் ஒரு பூனை குர்குர்ரென்று நிறுத்தாமல் இழுக்கிறது. நடுவில் என் குரல்: "ஆயா, எவ்ளோ சந்தோஷமா இருக்குது பாரேன்."

ஊரடங்கில் அலுவலகத்தை மூடியதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவன், ஆறு மாதம் அங்கேயே இருந்துவிட்டேன். காஞ்சிபுரத்துக்கு வடக்கே, வயல்களுக்கு நடுவே கிடக்கும் ஊர். வீட்டில் ஆயா, நான், ஒரு பெட்டைப் பூனை. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு என்று மூன்று நிறமும் கலந்தது. நான் அதற்கு ஒரு பெயர் வைத்தேன். ஆயா அந்தப் பெயரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவளுக்கு அது 'பூனை', அவ்வளவுதான்.

அன்றைக்கு அது கட்டிலுக்கு அடியில் வந்து உட்கார்ந்து குர்குர்ரென்றது. ஆயா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சந்தோஷமா? அது உட்கார்ந்திருக்கிறத பாருடா. எங்கியோ வலிக்குது அதுக்கு."

நான் சிரித்தேன். பூனை குர்குர்ரென்றால் சந்தோஷம் என்பது எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும். ஒலிப்பதிவைக் குடும்பக் குழுவில் போட்டேன், ஏழெட்டு இதயங்கள் விழுந்தன. மறுநாள் பூனையைக் காணோம். மூன்றாம் நாள் வைக்கோல்போருக்குப் பின்னால் கிடந்தது.

ஆயா என்னைக் குறை சொல்லவில்லை. நானாகத்தான் கேட்டேன், எதைப் பார்த்து அப்படிச் சொன்னாய் என்று. "முதுகு கூனிக்கினு இருந்துச்சு. தல தொங்கிப்போச்சு. காது ரெண்டும் பக்கத்துல சரிஞ்சுது. கண்ணு மூடியும் மூடாம இருந்துச்சு. சத்தம் எதுக்குன்னாலும் போடும்டா அது. குட்டி போட்டப்பவும்தான் போட்டுச்சு."

ஒரு வருடம் கழித்து, வேறு எதையோ தேடும்போது, மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவர்கள் 2019-ல் வெளியிட்ட ஓர் அளவுகோல் கண்ணில் பட்டது. பூனைக்கு வலி இருக்கிறதா என்று அதன் முகத்தை வைத்துக் கண்டுபிடிப்பது. ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறார்கள்: காது நிற்கும் விதம், கண் எவ்வளவு சுருங்கியிருக்கிறது, மூக்கு-வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை மயிர்களின் நிலை, தலையின் உயரம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். ஆயா அந்த ஐந்தில் மூன்றைக் கூடத்திலிருந்தபடியே சொல்லியிருந்தாள். அந்தப் பட்டியலில் சத்தம் என்ற ஒன்றே கிடையாது.

பூனை நம் ஊரில் நேற்று வந்ததில்லை. இத்தனை காலமாக அதன் உடம்பையும் குரலையும் நாம் எப்படிப் படித்து வந்திருக்கிறோம் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. தேடிப் போனதில் பாதி விடை புள்ளலூரைச் சுற்றியே கிடந்தது.

*

சங்கப் பாடல்களில் பூனைக்குப் பெயர் வெருகு. பெரும்பாலும் வீட்டுப் பூனை அல்ல, வேலியோரம் திரியும் காட்டுப் பூனை. தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களைப் பட்டியலிடும்போது வெருகின் பிள்ளையைக் 'குட்டி' என்கிறது. இன்றும் நாம் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். வெருகைப் 'பூசை' என்று அழைப்பதும் வழக்கில் இருப்பதால் அதைத் தள்ள வேண்டாம் என்றும் அதே இயல் சொல்கிறது. பின்னாளில் கம்பர், பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூசை என்று தன்னையே சொல்லிக்கொண்டபோது எடுத்தது இந்தச் சொல்லைத்தான்.

ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் இரண்டு இடங்களில் வெருகைக் கொண்டுவருகிறார். ஒன்றில் மாலை நேரத்தில் வேலியோரம் வெருகு வந்துவிட, வீட்டுக் கோழி பதறித் தன் குஞ்சுகளைக் கூவிக் கூட்டுகிறது. இன்னொன்றில், மலரப்போகும் முல்லை மொட்டுகளைப் பார்த்து வெருகு சிரித்ததுபோல் இருக்கிறது என்கிறார். கொல்லன் அழிசி என்ற புலவரும் முல்லையை வெருகின் பல்லோடு ஒப்பிடுகிறார்.

பூனை சிரிக்குமா? பூனை வளர்ப்பவர்களுக்குத் தெரியும். எதையாவது முகர்ந்துவிட்டுச் சில நேரம் மேலுதட்டைச் சுருக்கி, வாயை லேசாகத் திறந்து, பல் தெரிய, எதையோ யோசிப்பதுபோல் அசையாமல் நிற்கும். இளிப்பது மாதிரியே இருக்கும். மேல்வாயில் இருக்கும் ஓர் உறுப்புக்கு வாசனையைக் கொண்டுபோகிறது அது. வேறொரு பூனை விட்டுப்போன சிறுநீர்த் தடத்தை இப்படித்தான் படிக்கும். மாசாத்தியார் பார்த்தது இதையா, சீறும் வெருகையா என்பது பாட்டிலிருந்து தெரியாது. ஆனால் பல்வரிசையின் அளவும் கூர்மையும் நிறமும் மொட்டோடு பொருந்தும் அளவுக்கு யாரோ அந்த வாயை அருகில் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டில் வெருகு நமக்கு எந்தப் பாடமும் சொல்வதில்லை. அது வெருகாகவே இருக்கிறது.

*

புள்ளலூர் என்றால் வரலாறு படித்தவர்களுக்குப் போர்தான் நினைவுக்கு வரும். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மகேந்திரவர்மப் பல்லவன் போரிட்டான். தன் முதன்மையான பகைவர்களைப் புள்ளலூரில் அழித்தான் என்கிறது 8-ஆம் நூற்றாண்டுக் காசாக்குடிச் செப்பேடு. பகைவர் பெயரைச் சொல்லவில்லை. சாளுக்கியன் இரண்டாம் புலிகேசியின் ஐஹொளே கல்வெட்டோ, பல்லவ மன்னன் காஞ்சிக் கோட்டை மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான் என்கிறது. பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இவ்விரண்டும் ஒரே படையெடுப்பைப் பற்றியவை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தோற்றவர் யார் என்பது எந்தக் கல்லைப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்த மகேந்திரவர்மன் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நகைச்சுவை நாடகம் காஞ்சித் தெருவில் நடக்கிறது. ஒரு காபாலிகனின் கபால ஓடு காணாமல் போகிறது. அவன் ஒரு பௌத்தத் துறவியின் மேல் சந்தேகப்பட்டுச் சண்டை பிடிக்கிறான். கடைசியில் பார்த்தால் ஓட்டைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். காவி கட்டியவர்களெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத் திருடனைத் தேடிக்கொண்டிருக்க, நாயை யாரும் கவனிக்கவில்லை.

அவன் மகன் முதலாம் நரசிம்மவர்மன். மாமல்லன் என்ற அவனுடைய பட்டப்பெயரால்தான் மாமல்லபுரம். அங்குள்ள பெரும்பாறைச் சிற்பம் ஏறத்தாழ 96 அடி நீளம், 43 அடி உயரம். நடுவில் ஒரு தவசி ஒற்றைக்காலில் நின்று இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார். அவர் அர்ஜுனனா பகீரதனா என்ற விவாதம் நூறு வருடங்களுக்கு மேல் ஓடுகிறது. யானைகளின் பக்கம் கீழே பார்த்தால் ஒரு பூனை. பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, அதே தவக் கோலத்தில் நிற்கிறது. அதைச் சுற்றி எலிகள்.

கதை பழையது. மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் துரியோதனன் பாண்டவர்களுக்குச் சொல்லி அனுப்பும் வசவு அது. கங்கைக் கரையில் கை தூக்கித் தவம் செய்வதுபோல் நின்ற ஒரு பூனையை எலிகள் நம்புகின்றன, நாளொன்றுக்குச் சிலவாகக் காணாமல் போகின்றன. பஞ்சதந்திரத்திலும் தவசி வேடம் போட்ட பூனை உண்டு. போலிப் பக்திக்காரரை மனுஸ்மிருதி பூனை விரதக்காரர் என்று அழைக்கிறது. நம் பேச்சில் அதுவே ருத்திராட்சப் பூனை.

2022-ல் ஆயாவை மாமல்லபுரம் கூட்டிப்போனேன். கதையை விளக்கமாகச் சொல்லி, பூனையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். பூனையைவிட எலிகளைத்தான் அதிகம் பார்த்தாள். "எலி இவ்ளோ கிட்ட நிக்குதே. பூனைக்குப் பசி இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள்.

நான் கதையை மறுபடி சொன்னேன், அதுதான் ஏமாற்று என்று. அவள் தலையை ஆட்டினாள், ஒப்புக்கொள்ளவில்லை. கங்கை இறங்கும் அற்புத நேரத்தில் பகை விலங்குகள்கூடப் பகையை மறந்து நிற்கின்றன, எலிகள் மெய்யாகவே வணங்குகின்றன என்று பார்க்கும் கலை வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆயா அதைப் படித்தவள் இல்லை. கதையைத் தள்ளி வைத்துவிட்டு நின்றதைப் பார்த்தாள்.

அந்தப் பாறையைச் செதுக்கியவர்களும் விலங்குகளைப் பார்த்தவர்கள்தான். அதே பாறையில் ஒரு மான் பின்னங்காலைத் தூக்கித் தன் முகத்தைச் சொறிந்துகொள்கிறது. மானைப் பார்த்துக்கொண்டே உட்காராதவனால் அதைச் செதுக்க முடியாது. மான் மானாக இருக்க, பூனைக்கு மட்டும் ஒரு வேடம் கிடைத்தது.

*

கதையிலிருந்து தத்துவத்துக்கு வந்தாலும் காஞ்சியில் பூனை நிற்கிறது. வைணவர்களிடையே வடகலை, தென்கலைப் பிரிவுகளை விளக்க இரண்டு நியாயங்கள் சொல்வார்கள். குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஜீவனும் அப்படிக் கொஞ்சம் முயல வேண்டும் என்பது வடகலை. இது மர்க்கட நியாயம். பூனைக்குட்டி ஒன்றும் செய்வதில்லை, தாய் அதைப் பிடரியில் கவ்வித் தூக்கிப் போகிறது. இறைவன் அருளுக்குக் குறுக்கே நில்லாமல் இருந்தால் போதும் என்பது தென்கலை. இது மார்ஜார நியாயம். வடகலையின் பேராசிரியரான வேதாந்த தேசிகர் பிறந்தது 1268-ல், காஞ்சிபுரத்துத் தூப்புலில். வரதராஜப் பெருமாள் கோயிலில் யார் முன்னால் நின்று ஓதுவது என்ற தகராறு இன்றும் நீதிமன்றப் படியேறுகிறது.

உவமையின் அடியில் இருப்பது துல்லியமான கவனிப்பு. தாய் பிடரியைக் கவ்வியதும் குட்டியின் உடம்பு தளரும், பின்னங்கால்கள் மடங்கும், வால் வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். குட்டி போட்ட பூனை இடம் இடமாகத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்த ஊர்தான், நிலைகொள்ளாமல் சுற்றுகிறவனைக் 'குட்டி போட்ட பூனை மாதிரி' என்கிறது.

ஆனால் குட்டி ஒன்றும் செய்வதில்லை என்பது சரியில்லை. பிறந்த குட்டிக்குக் கண் திறந்திருக்காது, காதும் சரியாகக் கேட்காது. கூட்டை விட்டு விலகினாலோ உடம்பு குளிர்ந்தாலோ உச்சக் குரலில் கத்தும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் தாய் வந்து கவ்வுகிறது. பற்றிக்கொள்ளாத குட்டி கூப்பிடுகிறது. இரண்டு கலைக்கும் இதில் கொஞ்சம் இடம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

உவமை குட்டியோடு நிற்காமல் வளர்ந்த பூனைக்குப் போகும்போது சிக்கல். பிடரியில் பிடித்தால் பூனை சரணடைந்துவிடும் என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறோம். வளர்ந்த பூனை அப்படி உறைந்துபோவது பெரும்பாலும் பயத்தில். அந்தப் பிடி வேண்டாம் என்றுதான் இப்போதைய பூனை மருத்துவர்கள் அறிவுரை சொல்கிறார்கள். அந்த மூன்று நிறப் பூனையை நானும் அப்படித் தூக்கியிருக்கிறேன். அது அசையாமல் தொங்கியது. என்னை நம்புகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

*

புள்ளலூரின் அடுத்த போர் 1780 செப்டம்பர் 10. ஆங்கில ஆவணங்களில் 'பொள்ளிலூர்'. ஹைதர் அலியின் படையும் திப்புவின் படையும் கர்னல் பெய்லியின் படையைச் சுற்றி வளைத்து அழித்தன. காஞ்சிபுரத்தில் பெரும்படையோடு இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்கு வந்து சேரவில்லை. செய்தி தெரிந்ததும் கனமான பீரங்கிகளைக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் அரண்மனைச் சுவரில் இந்தப் போர் ஓவியமாக இருக்கிறது. மறுவருடம் இங்கேயே இன்னொரு சண்டை நடந்தது. அதில் இறந்த இரண்டு ஆங்கிலேய அதிகாரிகளுக்கு எழுப்பிய தூண்கள் இன்னும் புள்ளலூரில் நிற்கின்றன. சின்ன வயதில் அவற்றின் நிழலில் விளையாடியிருக்கிறேன்.

திப்பு புலியைத் தன் அடையாளமாக வைத்துக்கொண்டவர். அவருக்காகச் செய்யப்பட்ட மரப் புலி ஒன்று, விழுந்து கிடக்கும் ஒரு வெள்ளைக்காரன் மேல் ஏறிக் கடிக்கிறது. பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் உள்ளே துருத்திகள் இயங்கும். மனிதனின் கை ஏறி இறங்கும், அவன் வாயிலிருந்து ஓலமும் புலியிடமிருந்து உறுமலும் வரும். 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் ஆங்கிலேயர் அதை லண்டனுக்கு எடுத்துப் போனார்கள். கிழக்கிந்திய கம்பெனி மாளிகையில் பார்வைக்கு வைத்திருந்தபோது வந்தவர்களெல்லாம் கைப்பிடியைச் சுற்ற, பக்கத்து நூலகத்தில் படிக்க உட்கார்ந்தவர்களுக்குத் தலைவலி. இப்போது விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மன்றோவின் மகனை 1792-ல் வங்கத்துச் சாகர் தீவில் புலி அடித்துக் கொன்றது. அந்தச் செய்தியோடும் இந்தப் பொம்மையைச் சேர்த்துப் பேசுவார்கள்.

பூனைக் குடும்பம் வேட்டையாடும்போது பொதுவாகச் சத்தம் போடாது. பதுங்கும், பாயும், கவ்வும். எல்லாம் மௌனத்தில். உறுமல் என்பது கிட்டே வராதே என்று இன்னொருவருக்குச் சொல்வது. நட்பாகச் சந்திக்கும் புலிகள் மூக்கு வழியாக மெல்லச் செருமிக்கொள்ளும், அது தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கவே கேட்காது. கொல்லும் புலிக்கு உறுமல் வைத்தது கேட்பவருக்காக. கைப்பிடியைச் சுழற்றியவர்கள் மைசூரிலும் லண்டனிலும் கேட்க விரும்பிய சத்தம் அது.

*

மியாவும் கேட்பவருக்காகத்தான் என்பதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் என்று பேசிக்கொள்வது அரிது. குட்டி தாயைக் கூப்பிடப் பயன்படுத்தும் குரலை வளர்ந்த பிறகும் மனிதர்களிடம் தொடர்கின்றன. ஏறத்தாழ 9,500 வருடங்களுக்கு முன் சைப்ரஸ் தீவில் ஒரு மனிதருக்கு அருகே ஒரு பூனையைப் புதைத்திருக்கிறார்கள். தானியக் குதிருக்கு எலி வந்து, எலிக்குப் பின்னால் பூனை வந்து, பிறகு நம்மிடம் காரியம் சாதிக்க அது ஒரு குரலைக் கற்றுக்கொண்டது. 1944-ல் மில்ட்ரெட் மோல்க் என்ற ஆய்வாளர் வீட்டுப் பூனையின் ஒலிகளைப் பதினாறாகப் பிரித்தார்: வாயை மூடியபடி எழுப்புவது, திறந்து மூடும்போது எழுப்புவது, திறந்தே வைத்து எழுப்புவது. குர்குர் முதல் வகை, மியாவ் இரண்டாவது, சீறல் மூன்றாவது.

குர்குர்ரில்கூட நமக்கென்று ஒன்றைச் சேர்த்துக்கொள்கின்றன. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்கோம்ப் குழு 2009-ல் காட்டியது இது. சோறு கேட்கும் பூனையின் குர்குர்ருக்குள் ஓர் உச்சக் குரல் ஒளிந்திருக்கிறது. அது கைக்குழந்தை அழும் அலைவரிசைக்கு அருகில் வருகிறது. பூனை வளர்க்காதவர்களுக்கும் அதைக் கேட்டால் அவசரமாகப் படுகிறது. சந்தோஷத்தில் குர்குர், பசியில் குர்குர், பிரசவத்தில் குர்குர், வலியில் குர்குர், சாகும்போதும் குர்குர். என் வேலையில் ஒரே சமிக்ஞை ஐந்து நிலைகளில் வந்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்கும் நிரலை நான் எழுத மாட்டேன். பூனை விஷயத்தில் எழுதினேன். பூனையின் குரலை மனிதப் பேச்சாக மாற்றித் தரும் செயலிகள் இப்போது ஃபோனில் கிடைக்கின்றன. என் ஒலிப்பதிவை அவற்றில் ஒன்றுக்குக் கொடுத்துப் பார்க்க இன்னும் தைரியம் வரவில்லை.

பூனைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது பெரும்பாலும் உடம்பால், வாசனையால். வால் கொடிக்கம்பம்போல் நேராக நின்றால் நட்பாக வருகிறது. வால் தரையில் விசிறியடித்தால் கையை எடுத்துவிடு. காது பின்னால் படிந்தால் பயம் அல்லது கோபம். சுவரில் பல்லியைப் பார்த்துத் தாடை நடுங்கக் கிட்டிகிட்டியென்று ஒரு சத்தம் போடும், அது நமக்கல்ல. மல்லாந்து வயிற்றைக் காட்டினால் தடவச் சொல்கிறது என்று அர்த்தமில்லை. கை வைத்தவர்கள் கீறல் வாங்கியிருப்பார்கள்.

'பூனை கண்ணை மூடினால் பூலோகம் இருண்டுபோகுமா' என்று பழமொழி கேலி செய்கிறது. பூனையைக் கேலி செய்யும் சாக்கில் கண்ணை மூடிக்கொள்ளும் மனிதரைத்தான். ஆனால் அந்தப் பழமொழியை முதலில் சொன்னவர் பூனை கண்ணை மூடுவதைப் பார்த்திருக்கிறார். ஒருவரைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பது பூனையிடம் இணக்கத்தின் அடையாளம் என்பதும், நாம் அப்படிச் செய்தால் அது பதிலுக்குச் செய்யும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் சசெக்ஸில் 2020-ல் சோதித்து வெளியிட்டது. நான் ஒலிப்பதிவு எடுத்த அதே வருடம்.

செத்துப்போன பூனையின் மகள் இப்போது ஆயா வீட்டில் இருக்கிறது. பொங்கலுக்குப் போனபோது திண்ணையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இந்த முறை ஃபோனை எடுக்கவில்லை. காது முன்னால் பார்த்து நின்றது, தலை நிமிர்ந்திருந்தது, முதுகில் கூன் இல்லை. சத்தம் எதுவும் போடவில்லை. என்னைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தது. நானும் மூடினேன்.

"இன்னாடா, கண்ண மூடிக்கினு உட்கார்ந்திருக்கிற?" என்று ஆயா உள்ளேயிருந்து கேட்டாள்.

சொன்னேன். அவள் வெளியே வந்து முதலில் பூனையைப் பார்த்தாள், பிறகு என்னை. "ம். நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.